மூக்கு சூசை துவைத்த துணி

கொட்டுகிற மழையில் யாராவது ஜன்னலைத் திறப்பார்களா? பீனா திறந்தாள்.

தேவிகுளம் தாலுகா ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை அவளுக்கு; மலையாளத்துப் பெண். ஆடி மாதத்துக் காலை. வெளியே மழை சாத்து சாத்தென்று சாத்துகிறது. நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறோம். இவள் எழுந்து போய், துருப்பிடித்த கொக்கியை இரண்டு கையாலும் இழுத்து, ஜன்னலை விரியத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏ பீனா, கிறுக்கா உனக்கு? பேப்பர் எல்லாம் நனையுது பாரு."

"கொஞ்சம் காத்து வரட்டே சேச்சி," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் மூடினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தாள். மறுபடி மூடினேன். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தபோது கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஏதோ சான்றிதழில் கையெழுத்தைத் தேடுகிற மாதிரி குனிந்திருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீஸ் முழுக்க அடிக்கிற அந்த வாடை பழைய ஃபைல்களிலிருந்து வரவில்லை. என் மேலிருந்து வருகிறது. அன்று காலையில் மடிப்புக் கலைத்துக் கட்டிய, சுத்தமாகத் துவைத்த சேலையிலிருந்து வருகிறது.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மெஷின் ராஜாங்கம்

எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதை வாசிக்காதவர்களுக்கு இரண்டே வரி. கோயம்புத்தூரில் நர்சாக இருக்கும் எங்கள் மகள் ஜெனி வாங்கி அனுப்பினாள். சித்திரபுரத்தில் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும். இலை மூட்டை தூக்குகிற நான்கு பேர் அதைத் தோளில் ஏற்றி, "சப்பரம் வருது, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டே இறக்கினார்கள்.

அன்றோடு துணி துவைக்கிற வேலை என் கையை விட்டுப் போனது. என் வீட்டுக்காரர் சூசை தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர். மின்சாரம் ஓடுகிற எதையும் என்னைத் தொட விடமாட்டார். "இது ஃபாக்டரியில இலை உருட்டுற மெஷினுக்குத் தங்கச்சி. நீ தாலுக் ஆப்பீஸ்ல ரப்பர் ஸ்டாம்பு குத்துறவ, உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார். சரி என்று ஒதுங்கிக்கொண்டேன். வலிய வந்த விடுதலையை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அவர் துவைப்பதில் ஒரு கணக்கு உண்டு. ஃபாக்டரியில் உருட்டிய இலையை உடனே சூட்டில் போடமாட்டார்கள். பரப்பி, ஈரம் போகாமல் கொஞ்ச நேரம் சும்மா விடுவார்கள். இலை புளித்து நிறம் மாறும். அதே கணக்கில் இவர் துணி சுற்றி முடிந்ததும் உடனே எடுக்கமாட்டார். மூடியைச் சாத்தி வைத்து, "ஒரு மணி நேரம் கெடக்கட்டும், சோப்பு வாசம் நூலுக்குள்ள எறங்கணும்," என்பார். உலகத்தில் வேறு யாரும் துணியைத் தேயிலையாக நினைத்து ஊறப்போட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் எங்கள் துணி நாறியதில்லை. வருஷத்தில் ஐந்து மாதம் மழை பெய்கிற ஊரில், ஒரு நாள்கூட நாறியதில்லை. காரணம் அவருடைய மூக்கு.

ஊர் அறிந்த மூக்கு

ஃபாக்டரியில் இலை புளிக்கிற அறைதான் அவருக்கு ராஜ்ஜியம். இலை எப்போது பதமாகிறது என்று மூக்கால் சொல்ல வேண்டும். பச்சைப் புல் வாடை போய், பழுத்த பழத்தின் வாசனை ஒன்று வரும். அந்த நிமிடம் தப்பினால் தூள் கெட்டது. கடிகாரமும் கருவியும் எல்லாம் வந்த பிறகும், "சூசையைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். ஊரில் அவருக்குப் பெயரே மூக்கு சூசை.

கல்யாணமான புதிதில் நான் பட்ட பாடு கொஞ்சமா? வாசலில் நின்றபடியே, "இன்னைக்குக் குழம்புல வெந்தயம் கூடிப்போச்சு," என்பார். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் என்ன கருவாடு என்று சொல்வார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வரப்போவதை என் தலைமுடியை மோந்து பார்த்துச் சொன்னார். மறுநாள் வந்தது.

துணிக்கும் அதேதான். மூடியைத் திறப்பார், ஒரு துண்டை உருவி மூக்கில் வைப்பார், கண்ணை மூடுவார். "ஆகலை" என்றால் ஆகலைதான், இன்னொரு தண்ணீர். கொடியில் காய்கிறபோதும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டே போவார். மெஷினைவிட அந்த மூக்குதான் எங்கள் துணியைத் துவைத்தது என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது.

ஆளுக்கொரு வைத்தியம்

ஜன்னல் சம்பவத்துக்குப் பிறகு நான் பீனாவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் நேராகவே கேட்டேன். "சொல்லு, எம்மேல நாறுதா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண். "சேச்சி, கோவிக்கருது. நனைஞ்ச நாயைச் சாக்குல கெட்டி வச்ச மாதிரி ஒரு மணம். வினாகிரி ஊத்தி அலசு, போயிரும்," என்றாள்.

வினிகரை எங்கள் பக்கம் வினாகிரி என்போம். ஊற்றினேன். நாயோடு ஊறுகாயும் சேர்ந்துகொண்டது. எதிர் வீட்டம்மா ஆப்பச் சோடா என்றார்கள், போட்டேன். வாசனைத் திரவம் ஒன்றை வாங்கி ஊற்றினேன், நாய்க்கு மல்லிகைப் பூ வைத்தது மாதிரி ஆனது. மறையூரில் இருக்கிற என் தங்கை லில்லி போனில், "வெயில்ல போடுக்கா, சரியாப் போகும்," என்றாள். "வெயிலா? கொஞ்சம் பொட்டலம் கட்டி அனுப்பி விடுடி," என்று வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டில் துணியை அடுப்புக்கு மேல் கட்டிய கயிற்றில்தான் போடுவார்கள். எங்கள் எல்லோர் மேலும் புகை வாடை. எல்லோரும் ஒரே மாதிரி நாறியதால் யாரும் யாரையும் பார்த்து மூக்கைப் பொத்தவில்லை. அந்தக் காலத்தை நான் ஒன்றும் புகழவில்லை. கண் எரிந்தது, இருமல் நிற்காது. ஆனால் தாலுகா ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி ஜன்னலைத் திறக்கிற அவமானம் மட்டும் அங்கே இல்லை.

கடைசியில் கோபம் எங்கே போய் இறங்கும்? அவர் மேல்தான். ஒருநாள் சாயங்காலம் துண்டை அவர் மடியில் எறிந்தேன்.

"இதை மோந்து பாருங்க."

மோந்தார். கண்ணை மூடினார், பழையபடியே. "நல்லாத்தான இருக்கு? பூ மாதிரி இருக்கு."

"மூஞ்சியில இருக்கறது மூக்கா, இல்ல ஒட்டி வச்ச உருளைக்கிழங்கா?"

 துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றார். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர். அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. 

கருகிய பால்

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு லீவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாத்துக்கிடுங்க, இந்தா வாறேன்," என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குக் குடை வாங்கப் போனேன். பேச்சில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. திரும்பி வாசலுக்கு வரும்போதே கருகல் வாடை குப்பென்று அடித்தது. ஓடினேன். பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பேப்பர் படிக்கிறார்.

"என்னங்க! பால் தீஞ்சு ஊரே நாறுது, உக்காந்திருக்கீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "பொங்குற சத்தம் கேக்கலையே ரெஜி."

சத்தமா? வாசலில் நின்றே குழம்பு வெந்தயத்தை எண்ணிச் சொல்கிற மனிதருக்குப் பால் கருகுவது தெரிய சத்தம் வேண்டுமா? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். மூன்றாவது தடவை மடிக்க இடமில்லை.

"அந்தக் காய்ச்சல்ல போனது. திரும்பி வரல," என்றார்.

ஊரெல்லாம் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் இருவருக்குமே அந்தக் காய்ச்சல் வந்தது. எனக்கும் பத்து நாள் வாசனை தெரியாமல் இருந்து, பிறகு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர்தான் அப்படிச் சொன்னார்.

"மாசக்கணக்காச்சே! எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"உங்கிட்டச் சொன்னா அது நெசமாயிரும்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஃபாக்டரியில் யாருக்கும் தெரியாது. நிறத்தைப் பார்த்தும் கடிகாரத்தைப் பார்த்தும் சமாளிக்கிறார். சந்தேகம் வந்தால் கூட வேலை செய்கிற முருகேசனைக் கூப்பிட்டு, "எங்க, உன் மூக்குக்கு ஆச்சா ஆகலையா, சொல்லு பாப்போம்," என்று பரீட்சை வைப்பாராம். அவரைவிட ஒரு வயது மூத்த முருகேசன், மூக்கு சூசையே தன்னிடம் கேட்கிறாரே என்ற பெருமையில் ஆழமாக இழுத்து, "ஆச்சு" என்பாராம். இவர் ரொம்ப யோசித்துவிட்டு, "சரியாச் சொல்லிட்ட," என்பாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்தது.

"எத்தனை நாளைக்கு இப்பிடி ஓட்டுவீங்க?"

"ஒரு கூறு இலை கெட்டாப் போதும், தெரிஞ்சு போகும். அப்புறம் வாட்ச்மேனாட்டம் கேட்டுல ஸ்டூலப் போட்டு உக்கார வச்சுருவாங்க. வேலை போகாது ரெஜி. ஆனா அந்த ரூமுக்குள்ள என்னை விடமாட்டாங்க." பிறகு மெதுவாக, "மூக்கு போனப்புறம் நான் யாருன்னே எனக்குத் தெரியல," என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உருளைக்கிழங்கு என்று சொன்ன என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு பொய்

ஜெனியிடம் மட்டும் சொன்னோம். நாலு வாசனைப் பொருள்களைக் காலையும் மாலையும் மோந்து பார்த்து மூக்கைப் பழக்க வேண்டும், சிலருக்கு மெதுவாகத் திரும்பும், சிலருக்கு வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னாள். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், யூக்காலித் தைலம். நாலையும் நாலு குப்பியில் போட்டேன். அவர் கண்ணை மூடி உட்கார, நான் ஒவ்வொன்றாக மூக்கடியில் காட்டுவேன்.

"ஏலக்காய்!" என்றார் முதல் நாளே. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, குப்பிக்குள் உருளுகிற சத்தத்தை வைத்துச் சொன்னார் என்று. மறுநாளிலிருந்து துணியில் சுற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்ல முடியவில்லை. கள்ளன்.

துணி விஷயத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். இனி நாறுகிறது என்ற சொல் இந்த வீட்டில் என் வாயிலிருந்து வராது. மூடியைத் திறந்து, துண்டை உருவி, கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "எப்பிடி?" என்று என்னைப் பார்ப்பார். "வாசமா இருக்குங்க," என்பேன். அது முதல் பொய். அவர் கண்ணெதிரே நான் இன்னொரு தடவை அலசினால், மூக்கு இல்லை என்று முகத்தில் சொன்னது போலத்தானே? அதனால் அதே சேலையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பீனாவிடம் காரணம் சொல்லாமல், மேஜையை மட்டும் ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். சாரல் முழுக்க என் மேல்தான்.

ஆவணி பிறந்தும் மழை விடவில்லை. அலமாரியைத் திறந்தாலே எனக்குக் குமட்டியது. அப்போதுதான் லில்லி சொன்ன வெயில் ஞாபகம் வந்தது.

மறையூர் வெயில்

எங்கள் மலையில் இது ஒரு வேடிக்கை. மூணாற்றில் குடை பிய்ந்துகொண்டு போகும். பஸ் ஏறி மலையைத் தாண்டி மறையூரில் இறங்கினால் வெயில் பல்லைக் காட்டும். மழைக்காலத்தில் அவசரத் துணிகளை அங்கே சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக் காயவைத்து வாங்குவது எங்கள் பக்கம் பலருக்கும் பழக்கம். மூணாறு ஸ்டாண்டில் மறையூர் பஸ் கண்டக்டரிடம் என் மூட்டையைக் கொடுத்தபோது அவர் கேட்கக்கூட இல்லை. "ஈரத் துணிதானக்கா? மேல வைக்காதீங்க, சொட்டும்," என்றார்.

வீட்டுக்காரரிடம், "மூணாறுல புதுசா ஒரு லாண்டிரி வந்துருக்கு, நல்லா இஸ்திரி போடுறாங்களாம், குடுத்திருக்கேன்," என்று சொன்னேன். இரண்டாவது பொய். அவர் முகம் லேசாக வாடியது. "நான் தொவைக்கிறதுக்கு மேலயா?" என்றார். "இஸ்திரிக்குத்தாங்க," என்றேன்.

நாலாம் நாள் மூட்டை வந்தது. வீட்டுக்கு வந்து ஆசையாக அவிழ்த்தேன். அவிழ்த்ததும் தலை சுற்றியது. புகை என்றால் புகை, காந்திப்போன பாகு என்றால் பாகு. சாம்பல் நிறச் சேலையின் மடிப்புக்குள் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

லில்லிக்குப் போன் போட்டேன். "கொடியை எங்கடி கட்டுன?"

"ஆலைக்குப் பின்னாலக்கா. மேல வெயிலு, பக்கத்துல கொப்பரைச் சூடு. ரெண்டும் சேந்தா சீக்கிரம் காயுமேன்னு..."

மறையூரில் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சுகிற ஆலைகள் உண்டு. அதன் புகைக்கூண்டுக்கு நேரே என் மகராசி மூன்று நாள் துணியைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

"கூறு இருக்காடி உனக்கு? அறிவை அடகு வச்சிட்டியா?" என்று நான் ஆரம்பித்த நேரம், வேலை முடிந்து அவர் படி இறங்கி வந்தார். வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றியவர் அப்படியே நிமிர்ந்தார்.

"என்னடி இது, இப்பிடி நாறுது?"

நான் லில்லியை வைதுகொண்டிருந்தேன், காதில் விழவில்லை.

"ரெஜி, உங்கிட்டத்தான். வெல்லம் அடி பிடிச்ச மாதிரி. கூடவே சக்கை பொகைஞ்ச மாதிரி. அந்த லாண்டிரிக்காரன் என்ன எழவுல போட்டுத் தொவைச்சான்?"

 மறையூர் என்று அவரிடம் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. போனிலும் நான் அதுவரை கேட்டது கொடியைப் பற்றியும் அவள் அறிவைப் பற்றியும்தான். வெல்லம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன்.

"நாறுதுன்னேன்." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு காலில் பூட்ஸோடு உள்ளே வந்து, எறும்போடு அந்தச் சேலையை அள்ளி முகத்தில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "வெல்லம் ரெஜி. வெல்லம்தான," என்று துணிக்குள்ளிருந்து கேட்டார். "ஆமாங்க," என்றேன். 

"யக்கா, கோவிக்காத. நாளைக்கே திருப்பி அனுப்பு, மறுபடி அலசித் தாறேன்," என்று லில்லி போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வேணாம், நீ நல்லா இருப்படி," என்று வைத்தேன். அவள் இன்றுவரை அதை நான் கோபத்தில் சொன்னதாகத்தான் நினைக்கிறாள்.

நில்லு

மூக்கு ஒரே நாளில் முழுசாக வந்துவிடவில்லை. மறுநாள் கிராம்பு வந்தது. எலுமிச்சைக்குப் பல நாள் பிடித்தது. ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பினேன். மறையூருக்குப் போகாத ஒரு சேலை. குடையை எடுத்துக் கொடுக்க வந்தவர், "நில்லு," என்றார்.

குனிந்து என் முந்தானையை எடுத்து மோந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"இதக் கட்டிக்கிட்டா ஆப்பீசுக்குப் போற?"

நான் குடையை விரிக்கிற மாதிரி பாசாங்கு செய்தேன்.

"எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

"நான் கேட்டப்பல்லாம் வாசமா இருக்குன்னியே ரெஜி."

"நீங்க கேக்கும்போது வாசமாத்தான் இருந்துச்சு," என்றேன்.

 என் தோளிலிருந்து பையை வாங்கி ஆணியில் மாட்டினார். அலமாரியிலிருந்த துணி அத்தனையையும் அள்ளி வந்து குவித்தார். மெஷின் வாயிலிருந்த ரப்பர் வளையத்தை விரலால் விலக்கினார். உள்ளே மீன் செதில் மாதிரி கறுப்பு வழவழப்பு. பழைய பல் பிரஷ்ஷை எடுத்து, பீனாவின் வினாகிரியைத் தொட்டுத் தொட்டு, முணுமுணுவென்று யாரையோ திட்டிக்கொண்டே தேய்த்தார். துணியை வெந்நீரில் விட்டார். சுற்றி முடிந்த அடுத்த நிமிடமே மூடியைத் திறந்தார். ஒவ்வொன்றாக மோந்து, "ஆகலை" என்று பாதியை மறுபடி உள்ளே போட்டார். "ஆகலை" என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! தேனாக இருந்தது எனக்கு.

பீனாவுக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். "எந்தா சேச்சி, சுகமில்லையா?" என்றாள்.

"சுகந்தான். வீட்டுல துணி தொவைக்கிறோம்."

"அதுக்கா லீவு?"

"ஆமா, அதுக்குத்தான்."

மறுநாள் என் மேஜையைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன். பீனா வந்தாள், பழக்கதோஷத்தில் நேரே ஜன்னலுக்குப் போனாள். கொக்கியில் கையை வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஃபைலைப் பிரித்தாள். வெளியே அன்றைக்கும் நல்ல மழை.